வயிற்று வலிக்கு யார் சாட்சி

எங்கள் குப்பத்தில் யாருக்கும் வயிற்று வலி வராது. வந்தால் பாடு போய்விடும்.

பழவேற்காடு ஏரிப் பக்கம் வராதவர்களுக்காகப் பாடு என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஏரி எல்லோருக்கும் பொது. ஆனால் இறால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஓடாது. முகத்துவாரத்துப் பக்கம் வலை கட்டுகிறவனுக்குக் கூடை நிறையும். உள்ளே தள்ளிக் கட்டுகிறவனுக்கு நண்டு கடித்த விரல்தான் மிச்சம். இதில் மண்டை உடையக்கூடாது என்று இடங்களை முறை வைத்துப் பிரித்திருக்கிறார்கள். இன்றைக்கு நீ முகத்துவாரம், நாளைக்கு நான். அந்த முறைதான் பாடு. பட்டியலில் இத்தனை பேர்தான் என்று கணக்கு உண்டு. ஒருத்தன் பெயர் போனால்தான் இன்னொருத்தன் பெயர் ஏறும். பெயர் அடிபட்டவன் கரையில் உட்கார்ந்து பூநாரை பார்க்கலாம்.

அந்தப் பட்டியலை எங்கள் குப்பத்தில் வைத்திருந்தவரைப் பற்றித்தான் இந்தக் கதை. எனக்கு மாமா முறை. ஊரையே சொந்தக்காரர்கள் மாதிரித்தான் நடத்துவார், அதாவது எல்லோரையும் சமமாகக் கேவலப்படுத்துவார்.

ஏரியைப் பற்றிக் கேட்டால், "இது ஏரியா? கடல் வாய் கொப்பளிச்சித் துப்புன தண்ணி" என்பார். பூநாரை பார்க்கக் காரில் வந்து இறங்குகிறவர்களைப் பார்த்து, "அவ்ளோ நீட்டுக் காலை வச்சிகினு ஒரு மீன் புடிக்கத் தெரியாம சேத்தைத் தின்னுது அது. அதைப் போட்டோ புடிக்க ஒரு கூட்டம்" என்பார். செல்போனில் வானிலை பார்க்கிறவனிடம், "மேகம் தலைக்கு மேல கீது, இவன் மடியில தேடறான்." என்னைப் பற்றி அவருடைய தீர்மானமான கருத்து: "இவன் வலையில மாட்டற மீனு குருடாத்தான் இருக்கும்."

இந்தக் கருத்தில் நியாயம் இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை.

அவருடைய கேவலப்படுத்தலில் உச்சாணிக் கொம்பு வயிற்று வலிக்குத்தான். பாடு முறை வந்த நாளில் ஒருத்தன் ஏரிக்கு இறங்கவில்லை என்றால் காரணம் சொல்ல வேண்டும். மாமா கேட்பார். கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்வார்.

"காய்ச்சல்னா தொட்டுப் பார்ப்பேன். காயம்னா ரத்தம் பார்ப்பேன். சாவுன்னா பொணத்தைப் பார்ப்பேன். வயித்து வலின்னா இன்னாத்தைடா பார்க்கறது? அதுக்கு யாரு சாட்சி?"

வயிற்று வலி என்று முதல் தடவை சொன்னால் பெயர் பட்டியலின் அடிக்குப் போகும். இரண்டாம் தடவை சொன்னால் பெயரே போகும். இதுதான் சட்டம். இப்படி ஒரு சட்டம் உலகத்தில் வேறெங்கும் இருக்காது. இதற்குக் காரணமாக இருந்த பெருமை முழுவதும் என்னைச் சேரும்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. தண்ணீரில் இறங்குவதைத் தவிர எல்லா வேலையும் பிடிக்கும். கும்மிடிப்பூண்டியில் கிரிக்கெட் போட்டி என்றால் எனக்கு வயிறு வலிக்கும். பொய் வயிற்று வலி லேசுப்பட்ட வித்தை இல்லை. முதலில் முகம் சுருங்க வேண்டும். பிறகுதான் கை வயிற்றுக்குப் போக வேண்டும். உடனே முனகக்கூடாது. "பரவால்ல, நான் போறேன்" என்று வீராப்பாக எழுந்து, இரண்டு அடி வைத்து, மூன்றாவது அடியில் மடங்க வேண்டும். அந்த மடங்கலில்தான் தொழில் சுத்தம் தெரியும். என்னைப் பார்த்து எங்கள் அப்பாவே கண் கலங்கியிருக்கிறார்.

ஒரு நாள் காலையில் அப்படி மடங்கிவிட்டு, மத்தியானம் பழவேற்காட்டில் ஒரு பாய் வீட்டுக் கல்யாணத்தில் மூன்றாவது தடவையாகப் பிரியாணி வாங்கிக்கொண்டிருந்தேன். எதிர்ப் பந்தியில் மாமா. தயிர் வெங்காயக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார்.

"போட்டுக்கோ நைனா. வயித்துக்கு நல்லது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வலைக்கொட்டகையில் கூட்டம் போட்டு அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தார். நானும் கை தூக்கினேன். தூக்காமல் இருக்க முடியுமா?

சட்டம் என்னால் வந்தது. அடிபட்டவன் தேசப்பன்.

தேசப்பன் எனக்கு மூன்று வயது மூத்தவன், எதிர் வீடு. பொய் சொல்லத் தெரியாதவன். அவனுடைய வயிற்று வலி எடுபடாமல் போனதற்கு அதுதான் காரணம் என்று இப்போது தோன்றுகிறது. முகத்தைச் சுருக்கவில்லை, மடங்கவில்லை. கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு வெளிறிப்போய் நின்று, "முடியல மாமா" என்றான். அவ்வளவுதான். நான் பின்வரிசையில் இருந்து பக்கத்தில் இருந்தவனிடம், "நடிப்பு பத்தாது" என்று சொன்னேன். சிரித்தார்கள். நான் நன்றாகச் சிரிக்க வைப்பேன்.

இரண்டாம் தடவையும் சொன்னான். பெயர் போனது. பத்து நாளில் குடல்வால் வெடித்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். பிழைத்து வந்து, கூட்டத்தில் சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினான். தொப்புளுக்குக் கீழே நீளமாகத் தையல். மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"தையல் இப்போ போட்டது. நீ சொன்னது அப்போ."

பட்டியலில் அதற்குள் வேறொருவன் ஏறியிருந்தான். தேசப்பன் சட்டையை இறக்கிவிட்டுப் போனவன்தான். எளாவூர் செக்போஸ்ட் பக்கம் லாரிக்காரர்களுக்கு டீ ஆற்றிக்கொண்டிருப்பதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். மாமா ஒரு தடவை சொன்னதை மாற்றியதாக வரலாறு இல்லை. தப்பாகச் சொன்னதை இன்னும் சத்தமாகச் சொல்வார்.

இது நடந்து பல வருஷம் கழித்து ஒரு மழைக்காலத்தில் மாமா சாப்பாட்டைக் கேவலப்படுத்த ஆரம்பித்தார்.

முன்பெல்லாம் அவர் சாப்பாட்டை மட்டும் விட்டுவைத்திருந்தார். கல்யாணப் பந்தியில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் நமக்கு இலையில் மிஞ்சாது. இப்போது இரண்டு வாய் வைத்துவிட்டு, "இதுக்குப் பேரு கொழம்பா? நாய் குளிச்ச தண்ணி" என்று இலையை மடக்கினார். முப்பது வருஷமாக அவர் நக்கித் தின்ற மடவை மீன் குழம்பு அது. அத்தை என்னிடம் வந்து, "என் கைப்பக்குவம் போயிடுச்சாடா?" என்று கேட்டு அழுதாள். நான் ஒரு சட்டி சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, போகவில்லை என்று உறுதி சொன்னேன். இந்த மாதிரி உதவிகளுக்கு நான் எப்போதும் தயார்.

சட்டை தொளதொளத்தது. "தைக்கறவனுக்குக் கண்ணு போச்சு" என்றார். கூட்டத்தில் அவர் இருந்த பக்கமிருந்து, வாளித் தண்ணீர் கவிழ்ந்த மாதிரி ஒரு சத்தம் உருண்டு வந்தது. "பெஞ்சுக்குக் கீழ நாயைத் தொரத்துடா" என்றார். பெஞ்சுக்குக் கீழே நாய் இல்லை. யாரும் குனிந்து பார்க்கத் துணியவில்லை. நான் பக்கத்தில் இருந்தேன், எனக்குத் தெரியும். நாய் மாமாவுக்கு உள்ளே இருந்தது.

அப்புறம்தான் அவர் பெயர் வாசிப்பதைக் கவனிக்க ஆரம்பித்தேன். இரண்டு பெயர் வாசிப்பார், நிறுத்துவார். பத்து எண்ணும் நேரம் நோட்டையே பார்ப்பார். பிறகு மூன்றாவது பெயர். ஊரில் எல்லோரும் அதை ஒரு தோரணை என்று நினைத்தார்கள். இரண்டு பேர் அதே மாதிரி பேசக்கூடப் பழகினார்கள். நான் அவருடைய கையைப் பார்த்தேன். வயிற்றுக்குப் போகவே இல்லை. பெஞ்சு விளிம்பைப் பிடித்திருந்தது. விரல் முட்டி வெளுத்திருந்தது. நிறுத்தம் முடிந்ததும் விரல்கள் தளர்ந்தன. அடுத்த நிறுத்தத்தில் திரும்பவும் வெளுத்தன.

பொய் வயிற்று வலியில் பழம் தின்று கொட்டை போட்டவன் நான். பொய்க்காரன் வயிற்றைப் பிடிப்பான். நிஜமாக வலிக்கிறவன் வேறு எதையாவது பிடித்துக்கொள்வான். தேசப்பன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றது அன்றைக்குத்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

தனியாகப் பிடித்துக் கேட்டேன். "மாமா, வயிறு வலிக்குதா?"

"எவன் சொன்னான்? உன்ன மாதிரி பொறுக்கின்னு நெனச்சியா என்னை?"

"ஒரு நடை டாக்டர்கிட்ட…"

"டேய். இந்த ஊர்ல வயித்து வலின்னு சொன்னா பேரு போயிடும். தெரியுமில்ல?"

பெருமையாகத்தான் சொன்னார். தான் கட்டிய வலைக்குள் தானே போய் நின்றுகொண்டு, முடிச்சு எவ்வளவு உறுதி என்று தடவிப் பார்த்துச் சந்தோஷப்படுகிற ஆள். இப்படி ஒரு முட்டாளுக்காக ஏன் மெனக்கெட வேண்டும் என்று இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் அத்தை வந்து, "ராத்திரி கஞ்சித் தண்ணியும் வாந்தி எடுத்துட்டு, கஞ்சியத் திட்டறார்டா" என்றாள்.

அடுத்த ஞாயிறு கூட்டத்தில் எனக்கு முகத்துவாரம் விழுந்தது. இறால் ஓடுகிற நேரம். சட்டம் வந்த பிறகும் பழக்கதோஷத்தில் ஒரு தடவை சொல்லி, பட்டியலின் அடிக்குப் போய், தவழ்ந்து மேலே வந்திருந்தேன். இன்னொரு தடவை சொன்னால் பெயர் போகும்.

முகத்தைச் சுருக்கினேன். கையை வயிற்றுக்குக் கொண்டுபோனேன். எழுந்து மூன்றாவது அடியில் மடங்கினேன். பல வருஷம் கழித்தும் மடங்கல் கச்சிதமாக வந்தது.

கொட்டகை சிரித்தது. மாமாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

"வந்துட்டார்யா. இன்னா நைனா, எங்க கிரிக்கெட்டு?"

"இந்த வாட்டி நெசம் மாமா. நம்பலன்னா நீயே கூட வா. டாக்டர் சாட்சி. டாக்டர் பொய்யின்னு சொன்னா என் பேரை அடிச்சுடு."

பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். "எட்றா வண்டிய."

என்னுடைய பொய்யைக் கையும் களவுமாகப் பிடிக்க அவர் ஆட்டோவில் ஏறினார். திருப்பாலைவனம் தாண்டி ரோடு முழுக்க வேகத்தடை. ஒவ்வொன்றிலும் ஆட்டோ குதிக்கும்போது கம்பியைப் பிடித்துக்கொள்வார், பேச்சு நிற்கும், பிறகு விட்ட இடத்திலிருந்து என்னைத் திட்டத் தொடங்குவார். நான் நடுநடுவே முனகினேன். வண்டியில் முனகியது நான் ஒருத்தன்தான். வலித்தது அவருக்கு.

டவுன் ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. என்னைப் படுக்க வைத்து அங்கே இங்கே அழுத்தினார். நான் அழுத்தாத இடத்திலும் கத்தினேன்.

"உங்களுக்கு ஒண்ணுமே இல்லையே. கேஸ் கூட இல்ல" என்றார்.

மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு முன்னால் வந்தார். "அதை எழுதிக் குடும்மா. தமிழ்ல. கையெழுத்துப் போட்டு."

"எதுக்குங்க?"

"சாட்சிக்கு."

டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். சீட்டில் 'வயிற்றில் கோளாறு எதுவும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மாமா அதை வாங்கி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். வைத்த கை பையிலேயே நின்றது. மற்றக் கை மேசை விளிம்பைப் பிடித்தது. முகம் சாம்பல் நிறமானது. டாக்டரம்மாவின் மேசைக்குப் பக்கத்திலேயே பச்சையாக வாந்தி எடுத்தார்.

"ஐயா, நீங்க படுங்க."

"எனக்கு வயித்து வலி இல்ல."

"நான் கேக்கவே இல்லையே."

அவர் படுத்தார். டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைக்காமல் வயிற்றில் வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார். வெகுநேரம் கேட்டார். எத்தனை நாளாகக் காற்றுப் பிரியவில்லை என்று விசாரித்தார். "பொம்பளைப் புள்ள கேக்கற கேள்வியா இது" என்றார் மாமா. மீதியை நான் சொன்னேன். மடக்கின இலை, தொளதொளத்த சட்டை, பெயருக்கும் பெயருக்கும் நடுவே நிறுத்தம், இல்லாத நாய் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரம்மா எழுதிக்கொண்டே போனார். மாமா என்னைப் பார்த்த பார்வையில் அன்று எனக்குப் புதிதாக ஒன்று தெரிந்தது. கேவலப்படுத்த அவருக்கு வார்த்தை கிடைக்கவில்லை.

ஸ்கேன் எடுத்தார்கள். படத்தில் வளையத்துக்குள் வளையம். டாக்டரம்மா தன் கோட்டுக் கையை மேலே இழுத்து ஒரு மடிப்பை இன்னொரு மடிப்புக்குள் தள்ளிக் காட்டினார். குடல் இப்படித் தன் குடலுக்குள்ளேயே போய் மாட்டியிருக்கிறது, சாப்பாடு அதைத் தாண்டிப் போக முடியவில்லை, அதனால்தான் விட்டு விட்டு வலி என்றார்.

மாமா அந்த மடிப்பையே பார்த்தார். "வலைக்குள்ள போன மீனு திரும்பாத மாதிரி."

"ஆமாங்க. இது சின்னக் குழந்தைங்களுக்கு வர்றது. பெரியவங்களுக்கு ரொம்ப அபூர்வம். வந்தா, முன்னால ஏதாவது ஒரு கட்டி இருந்து அதுதான் குடலை இழுத்துக்கிட்டுப் போயிருக்கும். சிறுகுடல்ல கட்டி வர்றதே அபூர்வம். உடனே ஆபரேஷன் பண்ணணும். தள்ளிப் போட்டா குடல் அழுகிடும். உயிருக்கு ஆபத்து."

"மாமா, உனக்குக் கொழந்தைங்க வியாதியாம். கிலுகிலுப்பை வாங்கியாரட்டா?" என்றேன். சொல்லிவிட்டு வெளியே போய்க் குழாயடியில் முகம் கழுவினேன்.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்சில் அனுப்பினார்கள். ஒரு முழம் குடலைக் கட்டியோடு வெட்டி எடுத்துவிட்டு, மீதியைச் சேர்த்துத் தைத்தார்கள். கட்டி கெட்ட ஜாதிதான், ஆனால் மாத்திரையில் அடங்கி நிற்கும் என்றார்கள். அந்த மாத்திரையைத் தினம் ஒரு கெட்ட வார்த்தையோடு விழுங்கிக்கொண்டு மாமா அதற்கப்புறம் நாலு வருஷம் இருந்தார். அபூர்வம் என்று டாக்டர் சொன்னதை மட்டும் ஊரெல்லாம் சொன்னார். "உங்களுக்கெல்லாம் வர்றது சாதா வலி. என்து வேற."

ஆனால் ஆஸ்பத்திரியில் ஐந்தாம் நாள் ஒன்று கேட்டார். நர்ஸ் கட்டுப் பிரித்துத் துடைத்துவிட்டுப் போயிருந்தார். மாமா தலையைத் தூக்கித் தன் வயிற்றைப் பார்த்தார்.

"தேசப்பனுக்கு எத்தினி தையலுடா?"

"எனக்கு எப்பிடித் தெரியும்? நீதானே கண்ணாடி போட்டுப் பார்த்தே."

தலையைத் தலையணையில் போட்டார். "இங்க குடுக்கறதுக்குப் பேரு கஞ்சியா?" என்றார் பிறகு.

நாற்பத்தைந்து நாள் கழித்து வலைக்கொட்டகையில் கூட்டம். மாமா எலும்பும் தோலுமாக வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். நான் அவருக்குப் பக்கத்தில், கொஞ்சம் நிமிர்ந்தே உட்கார்ந்தேன். ஊரில் எல்லோருக்கும் கதை தெரியும். அத்தை என்னைக் கையெடுத்துக் கும்பிட்டிருந்தாள். எனக்கு இரண்டு பாடாகக் கொடுத்தாலும் கொடுப்பார் என்று ஒருத்தன் சொன்னான். எனக்கும் அந்த எண்ணம் இல்லாமல் இல்லை.

நோட்டைத் திறந்தார். பெயர்களை வாசித்தார். என் பெயருக்கு முன்னால் வந்து நின்றார். பழைய நிறுத்தம். எழுந்து அவர் கையைப் பார்த்தேன். கை பெஞ்சைப் பிடிக்கவில்லை. சட்டைப் பையில் இருந்தது.

நாலாக மடித்த சீட்டை எடுத்துப் பிரித்தார். "வயிற்றில் கோளாறு எதுவும் இல்லை" என்று எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். "டாக்டரம்மா கையெழுத்து கீது. ரெண்டாவது வாட்டி. இவனே சொன்னது, பொய்யின்னா அடிச்சுடுன்னு."

பேனாவைத் திறந்து என் பெயரை அடித்தார். கோடு நேராக இருந்தது.

அடித்த பெயருக்குப் பக்கத்தில் மெதுவாக ஏதோ எழுதினார். எழுதினதை வாசித்தார்.

"தேசப்பன்."

"அவன் எளாவூர்ல கீறானே" என்றது ஒரு குரல்.

"எங்க இருந்தா இன்னா? மொற வந்தா வரணும். போய்ச் சொல்லுங்க. வயித்து வலி கியித்து வலின்னு எதுனா சொன்னான்னா…" அங்கே நிறுத்தினார். நோட்டை மூடினார். "சொன்னான்னா, ஒருத்தன் கூடப் போய் டாக்டராண்ட காட்டுங்க. வாயப் பாத்துகினு நிக்காதீங்க."

இப்போது நான் பொன்னேரியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். தண்ணீரில் இறங்க வேண்டியதில்லை. அந்த முகத்துவாரத்தில் தேசப்பன் வலை கட்டுகிறான். அவன் இடத்தை என் பொய்தான் பிடுங்கியது என்பதும், அது திரும்பிப் போக வேண்டிய வழி என் பெயர் வழியாகத்தான் என்பதும் எனக்கு நிதானமாகப் புரிந்தது. மாமாவுக்கு எப்போது புரிந்தது என்று கடைசி வரை சொல்லவில்லை. நன்றி என்ற வார்த்தையை அந்த மனுஷன் வாயில் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.

என் பெயரை அடித்த அன்றைக்குக் கூட்டம் கலைந்து எல்லோரும் போய்விட்டார்கள். என்னால் மட்டும் எழுந்திருக்க முடியவில்லை. தொப்புளுக்கு மேலே ஏதோ இறுகிக்கொண்டு வந்தது. என் கை வயிற்றுக்குப் போகவில்லை. பெஞ்சு விளிம்பைப் பிடித்திருந்தது.

மாமா கொட்டகை வாசலில் நின்று திரும்பினார். என் கையைப் பார்த்தார்.

"இன்னாடா, வலிக்குதா?"

"இல்ல மாமா" என்றேன்.